உக்கார வெச்சுத் தூக்குங்கடி

எனக்கு மழை மேல் கோபம் உண்டு. மழையிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஒன்றும் ஆகாதுதான். அதற்காகக் கோபப்படாமல் இருக்க முடியுமா? நான் இந்த எஸ்டேட்டுக்கு மருமகளாக வந்த காலத்தில் மழைக்கு ஒரு மரியாதை இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும், விளக்கு வைப்பதற்குள் விட்டுவிடும். துணி காயப்போடுவதும் எடுப்பதும் கடிகாரம் பார்க்காமலே நடக்கும். இப்போது வாரக்கணக்கில் வெயில் கொளுத்துகிறது. பிரிஞ்சாங் கடைகளில் மின்விசிறியை வாசலிலேயே அடுக்கி வைத்து விற்கிறார்கள். மலேசியாவிலேயே குளிருக்குப் பேர்போன கேமரன் மலையில் மின்விசிறி! பிறகு ஒரு நாள் வானம் கிழிந்த மாதிரி கொட்டும். ஒரு மாசத்துக்கு வேண்டியதை ஒரே பகலில் கொட்டிவிட்டுப் போகும்.

கொட்டினால் மண் சரியும். பாதை அடைபடும். ஒருமுறை பிரிஞ்சாங்குக்கும் போக முடியாமல், கம்போங் ராஜா பக்கமும் போக முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டோம். ரொட்டி இல்லை, கேஸ் இல்லை, போனில் லைன் இல்லை. ஊரெல்லாம் முட்டைக்கோஸ் விளைகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று வேளையும் வெறுங்கஞ்சி குடித்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் சேர்ந்து தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் அரிசியும் சார்டின் டப்பாவும் பிஸ்கட்டும் ஒரு பீப்பாயில் போட்டு வைக்கத் தொடங்கினோம். எலி பூந்துவிடாமல் மூடிக்கு மேல் அம்மிக்கல்லை வைத்தோம்.

அரிசி ஆயிற்று. ஆனால் எனக்கு இருந்த கவலை அரிசி இல்லை. பகலில் எங்கள் லயத்தில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டுகிறார். கோலா தெர்லாவில் ஏற்றினால் எங்கே போய் இறக்குவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மற்ற ஆண்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பார்கள், வாலிபப் பிள்ளைகள் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ. ஆகப் பகலில் மழை பிடித்தால் லயத்தில் மிஞ்சுவது பெண்களும் பிள்ளைகளும்தான். அதோடு, எழுந்து நடக்க முடியாத ஓர் ஆளும் உண்டு.

அந்த ஆள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். லயத்தின் கடைசி வீடு அவளுடையது, அதை ஒட்டி என்னுடையது. அவள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான், கானுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கூட வந்து இரு என்று கூப்பிட்டால், “அந்த மாடி வீட்ல என்னால மூச்சு விட முடியாது” என்று சொல்லிவிடுவாள்.

அக்காவும் நானும் பல வருஷம் ஒரே மெஷின் பிடித்தவர்கள். கொழுந்து வெட்டும் மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். தேயிலை நிரைக்கு மேல்பக்கம் ஒருத்தி, கீழ்ப்பக்கம் ஒருத்தி. சரிவில் நடக்கும்போது கீழ்ப்பக்கத்துக்காரி கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும், மேல்பக்கத்துக்காரி தாழ்த்திப் பிடிக்க வேண்டும், இரண்டு பேர் காலும் ஒன்றாக விழ வேண்டும். இல்லாவிட்டால் கத்தி கொழுந்தை விட்டுவிட்டுக் குச்சியைத் தின்னும். அக்காதான் எப்போதும் கீழ்ப்பக்கம். கை வலிக்கிற பக்கம் அது. “உனக்குத் தெம்பு பத்தாது, மேல போ” என்று என்னை விரட்டுவாள். வீட்டில் நாங்கள் எலியும் பூனையும். உப்புக்குச் சண்டை, புளிக்குச் சண்டை, கொடிக்கயிற்றுக்குச் சண்டை. மலையில் மட்டும் எங்கள் இரண்டு பேர் காலும் ஒன்றாக விழும்.

ஒரு காலையில் பல் விளக்கப் போனவள் விழுந்தாள். வலது பக்கம் கையும் காலும் போய்விட்டன. வாய் போகவில்லை. அதுவாவது கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்று நானே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். “அதுவும் போச்சுன்னா உன்னைத் திருத்த ஆள் ஏதுடி?” என்பாள். அவளுக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் என் வேலையாயிற்று. நல்ல கனத்த உடம்பு வேறு. நான் ஒருத்தி அவளைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கவே மூச்சு வாங்கும். மழையில் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது?

இந்தக் கேள்வியைத்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். புவான் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. சப்பாத்துக்காலோடு எங்கள் லயத்தைச் சுற்றி நடந்து, மலையைப் பார்த்து, கானைப் பார்த்து, எங்களுக்குப் புரிகிற எளிய மலாயில் சொல்லிக் கொடுத்தார். கானில் ஓடும் தண்ணீர் கலங்கினால் கவனியுங்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று குறைந்தால் கவனித்துக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்பிவிடுங்கள். மலை தண்ணீரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நடக்க முடியாதவர்களை எப்படித் தூக்குவது என்றும் காட்டினார். இரண்டு உறுதியான கம்பு, ஒரு துணி. துணியை மடித்து நடுவில் ஆளைப் படுக்க வைத்தால் தூக்கிவிடலாம். நாலு பெண்கள் போதும். அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நீங்களே செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தோம். அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்வது! கம்புக்கு ஓடைக்கரையில் போய்ப் பச்சை மூங்கில் வெட்டினோம். துணிக்கு ஆளுக்கொரு கைலி கொண்டு வந்திருக்கலாம். எதிர்வீட்டுக்காரி, “நல்ல கைலி எதுக்கு வீணா?” என்று தன் மாமனாருடைய பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டு வந்தாள். வேட்டி நைந்துபோயிருந்தது, ஆள் கனத்துக்குக் கிழிந்துவிடுமே என்று இன்னொருத்தி குறுக்கே குச்சிகளை வைத்துக் கயிற்றால் கட்டினாள். ஏணி மாதிரி கச்சிதமாக வந்தது. எங்கள் கைத்திறமையை நாங்களே மெச்சிக்கொண்டு, நாலு பேர் அதைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் இறக்கினோம். அக்கா கட்டில் வாசலைப் பார்த்துத்தான் கிடக்கும்.

“என்னடி அது?” என்றாள்.

“உன்னைத் தூக்கிப் பாக்கப் போறோம்க்கா.”

அவள் அதை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள். பிறகு, “பச்சை மூங்கிலு. வெள்ளை வேட்டி. குறுக்குக் குச்சி. சங்கு ஊதறவன் மட்டும் இன்னும் வரலியா?” என்றாள்.

அப்போதுதான் நாங்களே அதைப் பார்த்தோம். ஐயோ! பார்த்துப் பார்த்து ஒரு பாடையைக் கட்டி எடுத்து வந்திருக்கிறோம்.

“இன்னிக்குச் சனிக்கிழமை வேற. சனிப் பொணம் தனியாப் போவாதுன்னு சொல்லுவாங்க. என்கூட யாருடி வர்றது? வேட்டி குடுத்தவளே, நீ வர்றியா?”

எதிர்வீட்டுக்காரி நாலடி பின்னால் போய்விட்டாள். யாரோ சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அக்கா அழுதாள். புருஷன் செத்தபோதுகூட ஊர் அழுது முடிந்த பிறகு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் அவள். அன்று எல்லார் முன்னாலும் அழுதாள்.

“உசுரோட இருக்கறவளுக்குப் பாடை கட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே! கேட்டுக்குங்க. இந்த வாசப்படியை நான் படுத்துக்கிட்டுத் தாண்டுறது ஒரே தடவைதான். அது வரைக்கும் எவளும் என்னைத் தொடக்கூடாது. மலை வந்தா வரட்டும்.”

கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. வேட்டியை எடுத்துவிட்டுக் கைலி கொண்டு போனோம். வேண்டாம் என்றாள். மூங்கிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாய் கொண்டு போனோம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் போனில் கெஞ்சினான். “நீ உன் வேலையைப் பாரு தம்பி” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். லயத்துப் பெண்களுக்கும் அலுத்துப்போயிற்று. “நாம என்னலா செய்ய முடியும்? அவங்க விதி” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாம் விதி! மலை வருகிறது என்று தெரிந்து, வழியும் தெரிந்து, ஆளும் இருக்கும்போது அதற்குப் பேர் விதியா?

என்னால் அவளை விட்டுவிட்டு ஓட முடியாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வானம் கறுத்தால் நான் அவள் வீட்டில் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

“நீ எதுக்குடி இங்க வந்து உக்காந்திருக்க? உனக்கு வீடு இல்ல?”

“உன்னை இங்க விட்டுட்டுப் போனா உன் கொழுந்தனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போயி உலையை வை, போ.”

போக மாட்டேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தூங்குகிறாளா இல்லையா என்று தெரியாது. இப்படியே அந்த வருஷத்து மழை முழுக்கக் கழிந்தது. மலை எங்களை விட்டுவைத்தது.

பிறகு எங்கள் அம்மன் கோயில் திருவிழா வந்தது. முன்பெல்லாம் சாமி தூக்க ஆண்கள் அடித்துக்கொள்வார்கள். இப்போது தோள் கொடுக்க ஆள் பத்தவில்லை என்று பூசாரியே எங்களைக் கூப்பிட்டார். நானும் எதிர்வீட்டுக்காரியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தோம். லயத்தைச் சுற்றி வந்து அக்கா வாசலில் சாமி நின்றது. தோளை இன்னொருத்திக்கு மாற்றிவிட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு நான் தீபத் தட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். இடது கையால் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற சாமியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“சாமியை எப்படிடி தூக்கறீங்க?”

“தோள்லதான், வேற எப்படி?”

“படுக்க வெச்சா?”

“சாமியை எவளாச்சும் படுக்க வெச்சுத் தூக்குவாளா? உக்கார வெச்சுத்தான்.”

“அப்ப என்னையும் உக்கார வெச்சுத் தூக்குங்கடி.”

தட்டைக் கீழே போடாமல் இருந்தது அம்மன் புண்ணியம். வந்த கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். “இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு வருஷம் என் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே!”

“நீங்க எங்க கேட்டீங்க? தூக்கணும், தூக்கணும்னு வந்து நின்னீங்க. உனக்கு எப்படிப் போவணும்னு ஒருத்தி என்னைக் கேட்டாளா?”

உண்மைதான். பீப்பாயில் என்ன பிஸ்கட் போடுவது என்றுகூட எல்லாரும் கூடிப் பேசினோம். தூக்கப்படுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டிருந்த கைவைத்த மரநாற்காலி ஒன்று கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதன் இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கம்பியால் முறுக்கினார். லோரி கித்தான் கட்டுகிற பட்டையை இடுப்புக்கு மாட்டினார். மண்டபத்தில் கிடந்த பழைய மெத்தையைக் கிழித்து நான் முதுகுக்கு வைத்துத் தைத்தேன். நாலு மூலைக்கும் மெஷின் பிடித்துப் பழகிய பெண்கள். எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி, தேயிலைக்கு நடுவே சரிவில் சாய்வாக இறங்கிப் பக்கத்து மேட்டுக்குப் போகும். அந்த மேட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மலை கிடையாது.

முதல் நாள் ஒத்திகைக்கு அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். பவுடர் பூசிக்கொண்டாள். இறங்கும்போது நாற்காலி பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் முதுகு சாய்மானத்தில் படியும் என்று எங்களுக்குத் தெரியும். மகாராணி ஒப்புக்கொள்ளவில்லை. “சாமி என்ன பின்னால பாத்துக்கிட்டா போவுது?” என்றாள். சரி, உன் இஷ்டம் என்று முன்னால் பார்த்தே தூக்கினோம். முதல் இறக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்தாள். பட்டை மட்டும் இல்லாவிட்டால் தேயிலைக்குள்தான் எழுந்தருளியிருப்பாள். நான் முன்மூலையில் இருந்தேன். கைக்கு அகப்பட்ட என் கொண்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “அடிப்பாவி, கொல்றியே!” என்று அலறினாள். பிள்ளைகள் கைதட்டின. அதற்குப் பிறகு பேசாமல் பின்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் வாய் வேலை செய்யத் தொடங்கியது. “கீழ்ப்பக்கம் தூக்கு. மேல்பக்கம் எறக்கு. யாருடி அவசரப்படறது? எட்டு வை. எட்டு வை.” அவள் குரலுக்கு எங்கள் நாலு பேர் காலும் தானாக ஒன்றாக விழுந்தன. புவான் அடுத்த முறை வந்தபோது இதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். அக்காவோடு நின்று படம் பிடித்துக்கொண்டார். மாசம் ஒருமுறை இப்படி ஊர்வலம் போனோம். உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்லாருமே அந்த நாளுக்குக் காத்திருப்போம். பள்ளி மண்டபத்தில் தேத்தண்ணி, பொரித்த வாழைப்பழம், ஊர்க்கதை.

ஒத்திகையாக இல்லாமல் நிஜமாகவே தூக்க வேண்டிய நாள், பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு வேலைநாளாக வந்தது. விடியும்போதே மழை. மெஷினைத் தூக்க முடியாது என்று கங்காணி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் கோலா தெர்லாவிலிருந்து கூப்பிட்டு, பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, வர முடியாது என்றார். நான் பின்பக்கம் போய்க் கானைப் பார்த்தேன். தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சோறு வடித்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். மழை அப்படியே கொட்டிக்கொண்டிருக்கிறது, கானில் தண்ணீர் பாதியாகிவிட்டது.

சட்டி மூடியை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டே லயத்தின் மறு கோடி வரைக்கும் ஓடினேன். துரையைக் கேட்கலாமா, ஆம்பளைகள் வரட்டுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிள்ளைகளை முதலில் அனுப்பினோம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு ஆள் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியாக நாற்காலியோடு அக்கா வீட்டுக்குள் போனோம்.

“சேலையை மாத்தி விடுடி.”

“மலையே வருது! சேலையாம் சேலை!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எனக்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை.

வழியெல்லாம் சேறு. மழைக்கோட்டு கண்ணை மறைத்தது. நான் முன்னால், கீழ்ப்பக்கம். மெஷின் பிடித்த காலத்தில் அவள் இருந்த இடம் அது. தோளுக்கு மேல் குழாயை உயர்த்திப் பிடித்துக் கை மரத்துப்போயிற்று. “எட்டு வை, எட்டு வை” என்று அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி வழி தாண்டியிருப்போம். பின்னால் லோரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. நாலு பேரும் நின்றுவிட்டோம். அக்கா குரலும் ஒரு மூச்சு நேரம் நின்றது.

“என்னடி நின்னுட்டீங்க? இடி இடிக்குது, அவ்வளவுதான். காலைப் பாத்து நடங்க. கீழ்ப்பக்கம் தூக்கு. எட்டு வை.”

நடந்தோம். முன்னைவிட உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் அவளை இறக்கி வைத்த பிறகுதான் நாங்கள் திரும்பினோம். கடைசி வீட்டைக் காணோம். சிவப்பாக மண் மட்டும் இருந்தது. என் வீட்டில் முன்வாசல் நின்றது, அடுப்படி இல்லை. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். பிறகு ஒருத்தர் பேரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டோம். எல்லாரும் இருந்தோம்.

இப்போது எஸ்டேட்டில் எங்களுக்கு மேட்டுப் பக்கம் வேறு வீடு கொடுத்திருக்கிறார்கள். அக்காவும் நாங்களும் ஒரே வீடு. கொடிக்கயிறு ஒன்றே ஒன்றுதான், அதனால் சண்டைக்குக் குறைவில்லை. ஒத்திகையை நாங்கள் விடவில்லை. பக்கத்து எஸ்டேட் பெண்கள் வந்து பார்த்துவிட்டு நாற்காலி எப்படிக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். காலை வெயில் வாசலில் விழும், நான் கீரை ஆய்வேன், அவள் நொட்டை சொல்வாள். நன்றாகத்தான் இருக்கிறோம்.

அப்படி ஒரு காலையில்தான் எனக்கு அது உறைத்தது. மலை சரிந்த அன்று நாங்கள் நாலு பேரும் முன்னால் பார்த்து நடந்தோம். அவள் ஒருத்திதான் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நீ பாத்தியா?”

“எதை?”

“வீடு போனதை.”

“பாத்தேன். மொதல்ல மரமெல்லாம் நடந்து வந்துச்சு. அப்புறம் கூரை போச்சு. மொத்தமும் பாத்தேன்.”

“இடின்னு சொன்னியே!”

“பின்ன என்னத்தைச் சொல்றது? வீடு போவுதுன்னு சொன்னா நாலு பேரும் திரும்புவீங்க. கால் வழுக்கும். நீதான முன்னால இருந்த, கீழ்ப்பக்கம்? குழாயோட, நாற்காலியோட, என் கனத்தோட மொத்தமும் உன் மேலதான்டி விழுந்திருக்கும்.”

கீரையை அப்படியே போட்டுவிட்டு அவள் மடியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “எந்திரிடி, சேலையெல்லாம் நனையுது” என்றாள்.